ஒரு வரிசை மேலே: 1989இல் தைத்த டபுள் பிரெஸ்ட் கோட்டைத் திருத்திய விவரம்

முன்பக்கத் துணி ஒன்றின்மேல் ஒன்று படிந்து, இரண்டு வரிசைப் பட்டனோடு வரும் டபுள் பிரெஸ்ட் கோட்டு மறுபடியும் வந்துவிட்டது. கடைகளில் தொங்குகிறது, ரிசப்ஷனில் மாப்பிள்ளைகள் போடுகிறார்கள், அலுவலகத்திலும் அங்கங்கே தென்படுகிறது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் புதிதாக வருகிறவற்றில் நிறைய கோட்டுகள் நீளம் குறைந்து, இடுப்பை இறுக்கிப் பிடித்து, உள்ளே பசை வைத்து ஒட்டிய துணியோடு வருகின்றன. நான் இருக்கும் லண்டனிலோ சாரிட்டி கடைகளில் 1980களில் தைத்த கோட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. கனமான துணி, விறைப்புக்காக உள்ளே வைத்து, ஒட்டாமல் கையால் பிணைத்த கேன்வாஸ் துணி, கொம்பில் செய்த பட்டன். அவற்றை யாரும் சீண்டுவதில்லை, ஏனென்றால் தோள் அகலம், லேப்பல் (மார்பில் வெளியே மடிந்து கிடக்கும் பாகம்) அகலம், எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்டன் பூட்டும் இடம் பாக்கெட் மட்டத்துக்கு இறங்கிக் கிடக்கும். அந்தப் பூட்டும் இடத்தை ஒரு வரிசை மேலே ஏற்றினால் கோட்டே வேறாகிவிடும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது செய்து பார்த்துவிட்டேன், அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. டபுள் பிரெஸ்டில் 6×2 என்றால் முன்னால் தெரிவது ஆறு பட்டன், அதில் பூட்டக்கூடியவை இரண்டு. மேல் ஜோடி வெறும் அலங்காரம், நடுவிலும் கீழேயும் காஜா இருக்கும். 6×1 என்றால் ஆறு தெரியும், கீழே உள்ள ஒன்றுதான் பூட்டும், லேப்பல் அதுவரை நீளமாக உருண்டு இறங்கும். இந்த நீண்ட லேப்பலுக்கு நல்ல பரம்பரை உண்டு. 1930களில் கென்ட் கோமகன் ஜார்ஜ் கீழ்ப் பட்டனை மட்டும் பூட்டிப் போட்டதால் இன்றும் அதைக் கென்ட் என்றே தையல்காரர்கள் சொல்கிறார்கள். அவருடைய அண்ணன், பிற்பாடு விண்ட்சர் கோமகன் ஆனவர், ஃப்ரெடரிக் ஷோல்ட்டே என்ற டச்சுக்காரத் தையல்காரரிடம் தைத்துக்கொண்டார். மார்பில் கொஞ்சம் தாராளமாகத் துணி விட்டு, கை வந்து சேரும் கைக்குழியைச் சின்னதாக உயரத்தில் வெட்டும் டிரேப் முறை அவருடையது, அவரிடம் பழகியவர் தொடங்கிய ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் 1906 முதல் இன்றுவரை அதைத்தான் செய்துவருகிறது. மன்னர் சார்ல்ஸ் பல ஆண்டுகளாக அங்கே தைத்த டபுள் பிரெஸ்ட்தான் போடுகிறார், ஒட்டுப்போட்ட கோட்டுகளையும் கூச்சமில்லாமல் போடுகிறார், அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

1980களில் மிலானில் ஜோர்ஜியோ அர்மானி கோட்டின் உள்கட்டுமானத்தைக் குறைத்து, பட்டனையும் லேப்பலையும் கீழே இறக்கினார். அது மெல்லிய துணியில், தளர்வான தோளோடு அழகாக இருந்தது. அதைப் பார்த்து எல்லாரும் இறக்கினார்கள், கனமான துணியிலும் கெட்டியான தோளிலும் கூட இறக்கினார்கள், அங்கேதான் கெட்டுப்போனது. என் கையில் வந்ததும் அப்படி ஒன்றுதான்: அடர்சாம்பல் ஃப்ளானல், சாக்பீஸால் கோடு இழுத்தது போன்ற வெள்ளைக் கோடுகள், உள்பாக்கெட்டுக்குள் தையலகத்தின் சீட்டு, அதில் 1989 என்ற தேதி. கீழ் வரிசையில் ஒரே காஜா. போட்டால் மார்பு முழுவதும் திறந்து கிடக்க, இடுப்பே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது, ஆனால் துணியைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

வாங்கும்போதே மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, உள்ளே கேன்வாஸ் தனியாக மிதக்கிறதா. கீழ்க் காஜாவுக்குப் பக்கத்தில் மேல்துணியை ஒரு கையாலும் உள்துணியை இன்னொரு கையாலும் கிள்ளி இழுத்தால், நடுவில் மூன்றாவதாக ஒரு அடுக்கு தனியே நழுவுவது விரலுக்குத் தெரியும். தெரியாமல் மேல்துணி விறைப்பாக இருந்தால் பசையால் ஒட்டியது, அதில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். (உங்கள் ரிசப்ஷன் கோட்டை எடுத்து இப்படிக் கிள்ளிப் பாருங்கள், நூற்றுக்கு நூறு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒட்டியதாகத்தான் இருக்கும்.) இரண்டு, பூச்சி. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு பாகமாகப் பார்க்க வேண்டும், ஊசித்துளை அளவில் வெளிச்சம் வந்தால் விட்டுவிடலாம். ஒன்றும் தெரியாவிட்டாலும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிடுவது நல்லது, முட்டை இருந்தாலும் செத்துவிடும்.

மூன்றாவதுதான் இந்த வேலை நடக்குமா நடக்காதா என்று தீர்மானிப்பது. நடு வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் கோட்டின் முன் ஓரம் நேராக இருக்க வேண்டும். 6×1 கோட்டில் அந்தப் பகுதி லேப்பலாக மடிந்து கிடந்தது, பூட்டும் இடம் மேலே போனதும் அது கோட்டின் முன்பக்கமாகிவிடும். லேப்பலுக்காக அங்கே வயிறு தள்ளியது மாதிரி வளைத்து வெட்டியிருந்தால் அந்த வளைவு நட்டநடு வயிற்றில் வந்து உட்காரும், எதுவும் செய்ய முடியாது. கோடு போட்ட துணியில் இதைப் பார்ப்பது சுலபம். ஓரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கோடு கீழ் வரிசையிலிருந்து நடு வரிசை வரை ஓரத்துக்கு இணையாகவே போகிறதா என்று பார்த்தால் போதும். என் கோட்டில் போனது, நடு வரிசைக்கு மேலேதான் விலக ஆரம்பித்தது. வெட்டியவருக்கு நன்றி.

அப்புறம் உடம்பில் போட்டு அளவு. வரிசைக்கு வரிசை 11 செ.மீ. இடைவெளி. நடு வரிசை என் இயல்பான இடுப்புக்கு ஒன்றரை செ.மீ. கீழே வந்தது, அது சரியான இடம். ஆனால் இடுப்பில் பூட்டினால் கோட்டு முன்னைவிடப் பிடிக்கும், ஏனென்றால் பக்கத் தையல்கள் அங்கேதான் உள்ளே வளைகின்றன. குண்டூசி குத்திப் பார்த்தபோது எனக்கு 1 செ.மீ. தளர்வு தேவைப்பட்டது. சிங்கிள் பிரெஸ்டில் பட்டனை நகர்த்தினால் முடிந்தது. இதில் அப்படி இல்லை, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. உடம்பின் நடுக்கோட்டிலிருந்து ஓரம் 9 செ.மீ. தள்ளி இருக்கிறது, காஜா ஓரத்திலிருந்து 2 செ.மீ. உள்ளே, ஆக நடுக்கோட்டிலிருந்து பட்டன் 7 செ.மீ., இடது, வலது பட்டன் வரிசைகளுக்கு நடுவே 14. பூட்டும் பட்டனை மட்டும் 1 செ.மீ. ஓரத்தை நோக்கி நகர்த்தினால் சுற்றளவு 1 செ.மீ. கூடும், ஆனால் இடது, வலது இரண்டு வரிசையும் உடம்பின் நடுவிலிருந்து அரை செ.மீ. ஒரு பக்கமாக விலகிவிடும். கண்ணுக்கு ஏதோ கோணலாகத் தெரியும், என்னவென்று சொல்லத் தெரியாது. எதிர்ப்பக்க அலங்காரப் பட்டன்களையும் அதே 1 செ.மீ. நகர்த்தினால்தான் எல்லாம் மறுபடி நடுவுக்கு வரும், இடைவெளி 13 ஆகும். 13 நன்றாகவே இருக்கிறது.

இனி பிரிப்பது. உள்லைனிங், முன் ஓரத்தின் உட்பக்கத் துணியான ஃபேசிங்கோடு சேரும் தையலை மார்பிலிருந்து கீழ்வரை இரண்டு பக்கமும் பிரித்தேன். உள்ளே கையை விட்டதும் கேன்வாஸ் தெரிந்தது, குதிரைவால் முடி கலந்து நெய்தது, முப்பது வருஷத்துக்குப் பிறகும் கையில் பிடித்து விட்டால் துள்ளி நிமிர்கிறது. பசை வைத்த எந்தக் கோட்டும் இத்தனை வருஷம் கழித்து இப்படி நிற்காது, டிரை க்ளீனிங் சூட்டில் பசை விட்டு மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும்.

லேப்பல் உருள்வது எதனால் என்று உள்ளே பார்த்தால்தான் புரியும். லேப்பல் மடியும் கோட்டை ஒட்டி, மார்புப் பக்கமாக ஒரு செ.மீ. உள்ளே, ஒரு மெல்லிய நாடா கழுத்திலிருந்து கீழே வரை கேன்வாஸில் தைத்திருக்கிறது. அந்த நாடா துணியைவிடக் கொஞ்சம் குட்டை. அது இழுத்துப் பிடிப்பதால்தான் மடிப்பு மார்பை விட்டு விலகாமல் ஒட்டி இருக்கிறது. மடிப்புக்கு வெளியே லேப்பல் முழுவதும் கேன்வாஸையும் துணியையும் விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு சாய்வாகச் சின்னச் சின்னத் தையலாகக் கோத்திருக்கிறார்கள், பேட் தையல் என்போமே அது. வளைத்த நிலையிலேயே தைப்பதால் தைத்து முடித்த பிறகும் வளைந்தே இருக்கும். ஆக ஒரு வரிசை மேலே ஏற்றுவது என்றால் வெறுமனே அயர்ன் பண்ணி மடிப்பை மாற்றுவது இல்லை, பழைய மடிப்புக்கோட்டை உள்ளே இருந்து அழித்து, புதுக்கோட்டை உள்ளே இருந்து கட்ட வேண்டும்.

பழைய கோடும் புதுக்கோடும் கழுத்தில் ஒரே புள்ளியில்தான் தொடங்குகின்றன. கீழே போகப் போக விலகுகின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு நீளமான, மெல்லிய முக்கோணம். அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் பேட் தையலை மட்டும் பிரித்தேன். அதற்கு வெளியே இருப்பதைத் தொடவில்லை, தொடவும் கூடாது. முன்னவர் போட்ட தையல் நன்றாக இருக்கும்போது அதை விட்டுவைப்பதுதான் முறை. நாடாவை எடுத்து, சுருக்கம் போக அயர்ன் பண்ணி, புதுக்கோட்டை ஒட்டி மறுபடி வைத்தேன். மார்பின் குழிவான பகுதியில் 6 மி.மீ. இழுத்துப் பிடித்து, மேலேயும் கீழேயும் இழுக்காமல், நாடாவின் இரண்டு ஓரத்திலும் கைத்தையல்.

இதில் கிடைத்த கூடுதல் லாபம் ஒன்று. மடிப்புக்கோடு வெளியே சாய்வதால் லேப்பலின் அகலம் தானாகக் குறைந்தது. முன்பு அகலமான இடத்தில் 12 செ.மீ., இப்போது 11. ஒரு வெட்டும் போடாமல் 1980களின் லேப்பல் 1930களின் அளவுக்கு வந்துவிட்டது. லேப்பலும் காலரும் சேரும் இடம் மட்டும் அந்தக் காலத்துப் பழக்கப்படி கொஞ்சம் கீழே இருக்கிறது, அதை ஏற்ற வேண்டுமென்றால் காலரையே கழற்றி வெட்ட வேண்டும், நான் அதற்குப் போகவில்லை, தேவையும் இல்லை. உயர்த்தி உயர்த்தித் தோள்மேல் கொண்டுபோய் வைத்திருக்கும் இன்றைய கோட்டுகளைவிட இதுவே கண்ணுக்குச் சாந்தமாக இருக்கிறது.

ஓரம்தான் இந்த வேலையிலேயே நுணுக்கமான இடம். நன்றாகத் தைத்த கோட்டின் முன் ஓரத்தை உற்றுப் பாருங்கள். லேப்பலில் உள்துணியான ஃபேசிங் ஒரு நூலளவு வெளியே உருண்டு தையலை மறைத்திருக்கும். பட்டன் பூட்டும் இடத்துக்குக் கீழே அது தலைகீழாக, மேல்துணி ஒரு நூலளவு உள்ளே உருண்டிருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தையல் தெரியக்கூடாது என்பதற்காக, பூட்டும் புள்ளியில் இந்த மாற்றத்தைச் செய்கிறார்கள். பூட்டும் புள்ளி 11 செ.மீ. மேலே போனால் அந்த 11 செ.மீ. ஓரம் முழுவதும் திசை மாற வேண்டும். ஓரத்தில் போட்டிருந்த குத்துத்தையலை அவ்வளவு தூரத்துக்குப் பிரித்து, ஆவி காட்டி, கட்டைவிரலால் தையலை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தள்ளி, சாய்வாகக் கச்சாத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டே வந்தேன். பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் அலை அலையாக நிற்கும்.

இன்னொன்று, லேப்பல் உருள்வதற்காக ஃபேசிங்கில் கொஞ்சம் அதிகத் துணி விட்டிருப்பார்கள், வெளிவளைவு என்பதால் அதற்கு நீளம் வேண்டும். அதே துணி இப்போது உள்பக்கமாகிவிட்டது, அங்கே அதிகம் இருந்தால் சுருங்கித் தொய்யும். வழுவழுப்பான வொர்ஸ்டட் கம்பளித் துணியாக இருந்திருந்தால் கீழ்த் தையலைத் திறந்து இறக்கியிருக்க வேண்டும். ஃப்ளானல் கம்பளி, ஆவிக்கும் சூட்டுக்கும் கேட்கும். ஈரத்துணி மேலே வைத்து, அயர்ன் பாக்ஸை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து, உடனே மரக்கட்டையால் அழுத்தி ஆறவிட்டால் அந்த 5 மி.மீ. அதிகம் அப்படியே சுருங்கி உள்ளே போய்விடுகிறது. பழைய மடிப்பின் தடமும் இதே ஆவியில் போனது. மேலே கொஞ்சம் பிரஷ் போட்டதும் எங்கே மடிந்திருந்தது என்று எனக்கே தேடவேண்டியிருந்தது. முதல் முறை செய்கிறவர்கள் ஃப்ளானலைத் தேர்ந்தெடுங்கள் என்பேன், ஊசி போன இடத்தைக்கூட அது மூடிக்கொள்கிறது.

காஜாவுக்கு வருவோம். டபுள் பிரெஸ்டுக்கு ஒரு காஜா போதாது. இடதுபக்க ஓரத்தில் வெளியே தெரியும் காஜா ஒன்று, வலதுபக்க ஓரத்தில் உள்ளே ஒளிந்திருக்கும் காஜா ஒன்று. உள்ளே உள்ளது, இடதுபக்கத்தின் உட்புறம் அலங்காரப் பட்டனுக்குப் பின்னால் தைத்த சின்னப் பட்டனில் மாட்டும். இதை ஜிக்கர் என்பார்கள். இதை மாட்டாமல் விட்டால் உள்ளே போன பாகம் கீழே தொங்கி, கோட்டின் அடி ஓரத்தில் மூக்கு நீட்டும். வாடகைக்கு எடுத்த கோட்டு போட்டவர்கள் நிறையப் பேர் இதைக் கண்டுகொள்வதில்லை. நான் நடு வரிசையில் இரண்டும் புதிதாக எடுத்தேன், பழைய ஜிக்கரையும் 1 செ.மீ. நகர்த்தினேன்.

பட்டன் 20 மி.மீ., தையல்காரர் கணக்கில் 32 லைன். காஜா நீளம் 23 மி.மீ., ஓரப் பக்கம் கண் மாதிரி ஒரு வட்டம். அதே கனத்தில் வேறு கம்பளித் துண்டில், உள்ளே கேன்வாஸும் வைத்து, கை பழகும்வரை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கோட்டைத் தொட்டேன். காஜா வெட்டினால் வெட்டியதுதான், திரும்பப் போகாது. முதலில் வெட்டும் கோட்டைச் சுற்றி எல்லா அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல். பிறகு வெட்டு. பிசிறு வராமல் மெல்லிய நூலால் சுற்றிக் கட்டு. ஓரத்தை ஒட்டிக் கிம்ப் என்ற கெட்டி நூலைப் படுக்க வைத்து, அதன்மேல் பட்டு நூலால் ஒவ்வொரு தையலுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டே சுற்றி வர வேண்டும். முடிச்சு எல்லாம் மேல் விளிம்பில் ஒரே வரிசையாக உட்கார வேண்டும், ஒவ்வொரு தையலையும் ஒரே இழுவையில் இழுத்தால் உட்காரும். ஒரு காஜாவுக்கு எனக்கு ஒரு மாலை போய்விடுகிறது. மெஷினில் நொடியில் ஆகிவிடும், ஆனால் மெஷின் முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டுகிறது, நூல் மீசை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்திலேயே 1989இன் கைக்காஜா இருக்கும்போது அதற்குத் தோழனாக மெஷின் காஜாவை வைக்க மனம் ஒப்பவில்லை.

பட்டன்களைத் தேன்மெழுகு தடவிய லினன் நூலால் தைத்தேன். பூட்டும் பட்டனுக்குக் கீழே துணியின் கனத்துக்கு ஏற்ப 4 மி.மீ. நூலைக் கழுத்து மாதிரி விட்டுச் சுற்ற வேண்டும், அலங்காரப் பட்டனுக்குக் கழுத்து வேண்டாம், தொங்கும்.

தோளைப் பற்றிச் சுருக்கமாக: தோளுக்குள் இருக்கும் பேடின் நடு அடுக்குகளில் கொஞ்சம் பஞ்சை மட்டும் எடுத்தேன், அவ்வளவுதான். முழுதாக எடுத்தால் கைக்குழி சரிந்து, கையில் சாய்வாகச் சுருக்கம் விழும். கோட்டை அந்தத் தோளை நம்பித்தான் வெட்டியிருக்கிறார்கள்.

நீளத்தைத் தொடவே இல்லை. குட்டையாக்கச் சொல்லி நண்பர்கள் சொன்னார்கள். டபுள் பிரெஸ்டின் முன்பக்கம் கீழே சதுரமாக மூடியிருக்கும், சிங்கிள் பிரெஸ்ட் மாதிரி வட்டமாகத் திறந்து போகாது. அதனால் பின்பக்கத்தை முழுதாக மூடும் நீளம் இருந்தால்தான் அந்தச் சதுரத்துக்கு ஒரு நிற்கும் தோரணை வரும். வெட்டினால் பெட்டி மாதிரி ஆகும். பாக்கெட்டுக்கும் அடி ஓரத்துக்கும் உள்ள தூரம் வேறு கெடும். இந்தக் கோட்டுக்கே இயல்பு தாராளம். ஒன்றின்மேல் ஒன்று படியும் அந்த இரட்டைத் துணிதான் இதன் அழகு. 1942இல் போர்க்காலத் துணிச் சிக்கனத்துக்காகப் பிரிட்டிஷ் அரசு டபுள் பிரெஸ்ட் கோட்டு தைப்பதையே தடை செய்ததற்கும் காரணம் இதே கூடுதல் துணிதான், 1944இல்தான் விட்டார்கள். துணியை மிச்சம் பிடித்துத் தைக்கிற டபுள் பிரெஸ்ட் எனக்குப் புரியவே இல்லை.

கடைசியாக அயர்ன். லேப்பலைக் கீழ்வரை அழுத்தி மடிப்பு விழ வைக்கக்கூடாது. மேல் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் லேசாக அழுத்தி, கீழ் ஒரு பங்கை ஆவியில் கையாலேயே உருட்டி, ஹேங்கரில் நடுப் பட்டனைப் பூட்டி ஆறவிட்டேன். நாடாவும் பேட் தையலும் சரியாக இருந்தால் மீதி உருளலை அதுவே செய்துகொள்ளும்.

இப்போது நடுப் பட்டனையும் ஜிக்கரையும் பூட்டி, கீழ்ப் பட்டனைத் திறந்துவிட்டுப் போடுகிறேன். உட்காரும்போதும் பூட்டியே இருக்கலாம், இடுப்பில் கொடுத்த அந்த 1 செ.மீ. அதற்குத் தாங்குகிறது. திறந்து போட்டால் இரண்டு பக்கமும் துணி தொங்கி அடிக்கும், டபுள் பிரெஸ்ட் பூட்டியே போட வேண்டிய கோட்டு. வலது கைக்குழியில் லைனிங் வேர்வையில் நைந்திருக்கிறது, அதை அடுத்து மாற்ற வேண்டும். அதே நிறத்தில் கனமான விஸ்கோஸ் கிடைத்தால் கை லைனிங் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவேன்.